அட்வான்ஸ் கொடுக்குமுன் ஜன்னலைப் பாருங்கள்!

மேட்டூரிலிருந்து பஸ் ஏறிப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கர்நாடகம். மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஊரில் ஓட்டு வீட்டையும் திண்ணையையும் வேப்ப மர நிழலையும் விட்டு வந்தவர்கள், இங்கே அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில் இரண்டு அறைகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள். உச்சி மாடிக்கு வாடகை சற்றுக் குறைவு. ஏன் குறைவு என்பது சித்திரையில் தெரியும்!

‘குளுகுளு பெங்களூர்’ என்ற பெயரும் பழங்கதையாகி வருகிறது. 2016 ஏப்ரலில் அங்கு வெப்பம் 39.2 டிகிரி செல்ஷியஸ். 2024 ஏப்ரலில் 38.5. வெளியே அடிக்கும் வெயிலைத் தடுக்க நம்மால் ஆகாது. அது வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்க முடியும். ஏசி வாங்க வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரிய காரியமல்ல அது.

ஏழைகளுக்கும் குளிர்ந்த வீடு

குஜராத்திலுள்ள ராஜ்கோட் நகரைப் பாருங்கள். பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் ‘ஸ்மார்ட் கர்-3’ என்ற பெயரில் அங்கே 1176 வீடுகள் கட்டப்பட்டன. குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகள் இவை. இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டத்தைச் சேர்ந்த நிபுணர்கள், வரைபட நிலையிலேயே ஆலோசனை கூறினர். வெப்பத்தை எளிதில் கடத்தாத சுவர், கண்ணாடியைக் குறைத்து முழுவதும் திறக்கும்படி அமைத்த ஜன்னல், உள்ளே தேங்கும் சூட்டை மேலே இழுத்து வெளியேற்றும் காற்றுக் கூண்டு, இவ்வளவுதான் அங்கே செய்த மாயம்!

ஜன்னல் சிறு விஷயமல்ல. இப்போது எங்கு பார்த்தாலும் தள்ளு ஜன்னல். பார்வைக்கு அழகு, ஆனால் ஒரு கதவு மற்றொன்றின் மேல் ஏறி நிற்பதால் பாதி வழிதான் திறக்கும். பழைய கீல் ஜன்னலோ முழுவதும் திறக்கும். அதிலும் ஒரே பக்கம் ஜன்னல் வைத்துப் பயனில்லை. காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிரே ஒரு வழி வேண்டும்.

திசையும் கூரையும்

தெற்கு, வடக்குச் சுவர்களில் படும் வெயில் உயரத்திலிருந்து விழுவதால், ஓரளவு அகலமான சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். மாலை வெயில் அப்படியல்ல. சாய்ந்து நேராக உள்ளே வரும். எனவே மேற்குப் பக்கம் மாடிப்படியையும் குளியலறையையும் வைத்துவிட்டு, படுக்கை அறையை வேறு பக்கம் வைப்பதே புத்திசாலித்தனம்.

உச்சி மாடிக்காரர்களின் எதிரி கூரை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் இரவில் கக்குகிறது. அந்நாளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தார்கள். இன்று அதற்குச் செலவு அதிகம் என்றால், மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023ல் இதற்கென்றே ‘குளிர் கூரை’க் கொள்கை வகுத்தது.

மைசூர் மறந்த பாடம்

காற்றும் வெளிச்சமும் உயிர்ப் பிரச்னை என்பதை மைசூர் முன்பே கண்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் தாக்கியபின், 1903ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலைக் குறைத்து, காற்றோட்டமான புதிய பேட்டைகள் உருவாயின. இன்றோ கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே கை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர்!

அடுக்குமாடி வீடுகளின் சுவர், ஜன்னல், கூரை எப்படி இருக்கவேண்டும் என்று மத்திய அரசு 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. மாநிலங்கள் அதைத் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்து, நகராட்சிகள் கண்டிப்பாக அமல்படுத்தினால்தான் பலன். கட்டுகிறவர் அதில் குடியிருக்கப் போவதில்லை. கரண்ட் பில்லும் அவர் கட்டப்போவதில்லை. ஆகவே கேள்வி கேட்கவேண்டியவர்கள் குடிவருகிறவர்களே.

வீடு பார்க்கக் காலையில் போகாதீர்கள்; மாலை நாலு மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஜன்னல் எவ்வளவு திறக்கிறது, எதிரே மற்றொன்று உண்டா என்று கவனியுங்கள். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருவாரா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பு கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பு.