சினிமாக் கொட்டகையின் பழைய கண்: எடைக்குப் போடாதீர்கள்!

டூரிங் சினிமா!

தஞ்சை வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலரும். அறுவடை முடிந்து, கையில் நாலு காசு புழங்கும் காலம். ஊருக்கு வெளியே கொட்டகை. தரை டிக்கெட் வாங்கியவர்களுக்கு மணல்தான் ஆசனம். கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். படச்சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. இடைவேளைக்கு ஒரு முறுக்கு!

அந்தக் கொட்டகைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஊர்த் தியேட்டர்களும் படச்சுருளைக் கைவிட்டு டிஜிட்டல் முறைக்கு மாறின. பழைய புரொஜெக்டர்கள் பழைய இரும்பாக எடைக்குப் போயின.

ஆனால் அந்த எந்திரத்தின் மூக்கில் ஒரு லென்சு இருந்ததே, அது சாகவில்லை. அதைக் கொண்டு இன்றைய டிஜிட்டல் காமிராவில் படம் எடுக்கலாம்!

என்ன, வேடிக்கையா? இல்லை. உலகம் முழுவதும் செய்கிறார்கள். நம் ஊர் இளைஞர்களும் செய்யலாம்.

திருச்சியில் வாங்கிய எந்திரம்

தென்னாட்டில் டூரிங் சினிமாவின் கதை, காவிரிக் கரையில் தொடங்கியது.

சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையைச் சேர்ந்தவர். திருச்சியில், தென்னிந்திய ரெயில்வேயில் படம் வரையும் வேலை பார்த்தார். 1905-ம் ஆண்டு டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சினிமாப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். அங்கே அவருக்கு உடல்நலம் கெட்டது. ஊர் திரும்ப எண்ணினார். அவருடைய புரொஜெக்டரையும் படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார்.

வேலையை விட்டார். எந்திரத்துடன் ஊர் ஊராகப் போனார். பெஷாவர் வரை சென்று படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார்.

பிறர் கைமாற்றிய எந்திரம்தான் அவருக்கு வாழ்வு தந்தது. இதைக் கவனிக்க வேண்டும். நல்ல கருவிக்கு முதுமை இல்லை. அடுத்த கை கிடைத்தால் போதும்.

ஒரே கண், இரண்டு வேலை

புரொஜெக்டர் என்ன செய்கிறது? உள்ளே சிறிய படம். அதன் பின்னால் வெளிச்சம். லென்சு அந்தச் சிறிய படத்தைத் திரையில் பெரிதாக விழச் செய்கிறது.

காமிரா இதற்கு நேர் எதிர். வெளியே பெரிய கோபுரம். லென்சு அதைச் சிறிதாக்கி உள்ளே விழச் செய்கிறது. முன்பு உள்ளே படச்சுருள் இருந்தது. இன்று அந்த இடத்தில் ‘சென்சார்’ என்ற சிறிய மின்சாரத் தகடு இருக்கிறது.

வெளிச்சம் எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடிக்கு ஒன்றுதான். படம் காட்டிய லென்சு படம் எடுக்கவும் செய்யும். அதன் ரகசியம் இதுதான்.

வீட்டிலேயே சோதனை

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? காசு செலவு இல்லை.

வீட்டில் பழைய லென்சு இருந்தால் எடுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே லென்சைப் பிடியுங்கள். திரையைப் பார்த்த பக்கம் இப்போது ஜன்னலைப் பார்க்க வேண்டும். லென்சின் பின்னால் ஒரு வெள்ளைத் தாள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

ஓர் இடத்தில், தூரத்துத் தென்னை மரம் தாளில் தலைகீழாகத் தெரியும்! கீற்று கீற்றாகத் தெரியும்! குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பள்ளிக்கூடப் பாடம் வீட்டிலேயே நடந்துவிடும்.

இப்போது ஓர் அளவுகோலை எடுங்கள். லென்சின் பின் விளிம்பிலிருந்து தாள் வரை எவ்வளவு தூரம்? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காமிராவில் லென்சு பொருந்துமா என்பதைச் சொல்வது அந்த எண்தான்.

ஒரு சிறிய கழித்தல் கணக்கு

ஒவ்வொரு காமிராவிலும், லென்சு மாட்டும் வாயிலிருந்து சென்சார் வரை ஒரு குறிப்பிட்ட ஆழம் உண்டு. சோனி கம்பெனியின் கண்ணாடித் தடுப்பில்லாத காமிராக்களில் இது 18 மில்லி மீட்டர். ‘மைக்ரோ போர் தேர்ட்ஸ்’ வகைக் காமிராக்களில் 19.25 மி.மீ. கேனன் கம்பெனியின் பழைய ‘இ.எப்.’ வகையில் 44 மி.மீ.

உங்கள் லென்சுக்கும் தாளுக்கும் இடையே 68 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காமிராவின் ஆழம் 18 மி.மீ. 68-ல் 18 போனால் மீதி 50. ஆகவே 50 மி.மீ. நீளமுள்ள ஒரு குழாயை இடையில் பொருத்த வேண்டும். அவ்வளவுதான் கணக்கு!

காமிராவில் மாட்டும் வளையம் கடையில் கிடைக்கும். அதை ‘அடாப்டர்’ என்கிறார்கள். லென்சைப் பிடிக்கும் குழாயை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து கொடுப்பார்கள். முதல் சோதனைக்குப் பி.வி.சி. குழாயே போதும். உட்புறம் மட்டும் பளபளப்பில்லாத கறுப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெளிச்சம் சிதறிப் படம் வெளுத்துவிடும்.

இன்னும் ஒன்று தேவை. அருகில் இருப்பவரைப் படம் எடுக்க லென்சு சற்று முன்னால் நகர வேண்டும். குவியத் தூரம் 100 மி.மீ. உள்ள லென்சு, 5 மீட்டர் தூரத்தில் நிற்பவரைத் தெளிவாகக் காட்ட 2 மி.மீ. முன்னே வர வேண்டும். புரொஜெக்டரில் இந்த நகர்த்தல் எந்திரத்தில் இருந்தது, லென்சில் இல்லை. ஆகையால், திருகினால் நீளும் மரை வளையம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை இழக்கக் கூடாது.

சிறிய 16 மி.மீ. சினிமாக் காமிரா லென்சுகளில் ‘சி’ மரை என்று ஒரு வகை உண்டு. அதற்கும் படச்சுருளுக்கும் இடையே 17.526 மி.மீ. மட்டுமே இருக்க வேண்டும். கேனன் ‘இ.எப்.’ காமிராவின் ஆழமோ 44 மி.மீ. கழித்தல் கணக்கு உதைக்கிறது! லென்சைக் காமிராவின் வயிற்றுக்குள் தள்ள முடியுமா? உள்ளே கண்ணாடி குறுக்கே நிற்கிறது. அங்கே தூரத்துக் காட்சி தெளியவே தெளியாது.

2008-ம் ஆண்டு, உள்கண்ணாடி இல்லாத மைக்ரோ போர் தேர்ட்ஸ் காமிராக்கள் வந்தன. ஆழம் குறைந்தது. பழைய சிறிய லென்சுகளுக்கு மறுபிறவி கிடைத்தது. அங்கும் வளையத்தைச் சற்று உள்ளே பதித்தே மாட்ட வேண்டும். பருத்த உடல் கொண்ட சில லென்சுகள் நுழைவதில்லை.

அகலமும் முக்கியம். 16 மி.மீ. படத்தின் ஒரு கட்டம் சுமார் 10 மி.மீ. அகலமே. பெரிய காமிராக்களின் சென்சார் 36 மி.மீ. அகலம். சிறிய லென்சின் வெளிச்சம் மூலைகளை எட்டாது. குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் வட்டம், சுற்றிலும் இருட்டு!

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்

ஒரு வேலைக்குச் செய்த லென்சை வேறொரு வேலைக்கு மாற்றுவது பெரிய டைரக்டர்களும் செய்த காரியம்தான்.

ஸ்டான்லி குப்ரிக் என்ற ஹாலிவுட் டைரக்டர், 1975-ல் வெளிவந்த ‘பாரி லின்டன்’ படத்தில் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க விரும்பினார். அமெரிக்காவின் ‘நாசா’ விண்வெளி நிறுவனத்துக்காக ஜெர்மனியின் சைஸ் கம்பெனி செய்த 50 மி.மீ. லென்சை வாங்கினார். சாதாரணமாக அது சினிமாக் காமிராவில் மாட்டாது. காமிராவையே அறுத்துத் திருத்தி மாட்டினார்கள்! சந்திரனைப் படம் எடுக்கப் பிறந்த லென்சு, மெழுகுவர்த்தியைப் படம் எடுத்தது.

ராஜராஜன் தந்த அகலம்

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் எது? 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ஏ.பி. நாகராஜன் டைரக்ட் செய்தார். சிவாஜி கணேசன் நடித்தார். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய மன்னன் கதை அகலத் திரைக்கு வந்தது.

அந்த அகலம் எப்படி வந்தது? காமிராவில் ஒரு விசேஷ லென்சு காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பாதியாக்கும். படச்சுருளில் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள். தியேட்டரில் இன்னொரு லென்சு அதை இரு மடங்கு விரிக்கும்.

தியேட்டரில் இருந்த இந்த விரிக்கும் லென்சுக்கு இன்று தனி மதிப்பு. ஜப்பானின் கோவா, ஜெர்மனியின் இஸ்கோ போன்ற கம்பெனிகளின் பெயரைப் பார்த்தால் படம் எடுப்பவர்கள் விடுவதில்லை. சாதாரண லென்சு ஒன்றின் முன்னால் இதை மாட்டினால் காட்சி நெருங்கிப் பதியும். கம்ப்யூட்டரில் விரித்துக்கொள்ளலாம். இரவு விளக்குகளிலிருந்து பக்கவாட்டில் நீளமான ஒளிக்கோடு ஓடும்! நேராக நிறுத்தி மாட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஆட்கள் கோணிவிடுவார்கள்.

லாபம் என்ன?

புதிய லென்சு இதைவிடக் கூர்மையாகப் படம் எடுக்கும். உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய லென்சில் விளிம்பு மங்கும். விளக்கு எதிரே வந்தால் படம் வெளுக்கும். தானாகத் தெளிவு பார்க்காது. கையால்தான் திருக வேண்டும்.

பிறகு ஏன்? முகங்களை அது மென்மையாகக் காட்டும். பின்னால் உள்ளவை கரைந்து, முகம் மட்டும் எழுந்து நிற்கும். புரொஜெக்டர் லென்சுகள் வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடுபவை. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவில் நடக்கும் பாகவத மேளா போன்ற நிகழ்ச்சிகளுக்கு அது வசதி. பகலிலோ வெளிச்சம் மிஞ்சும். கறுப்பு வடிகண்ணாடி போட வேண்டும்.

எதிரி: பூஞ்சணம்

டெல்டாவில் லென்சுக்கு முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்ணாடியின் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். நாளானால் கண்ணாடியையே அரிக்கும்.

அரிசிக்குள் புதைத்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அரிசி ஈரத்தை அதிகம் இழுப்பதில்லை. தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். காற்றுப் புகாத டப்பாவில், ‘சிலிக்கா ஜெல்’ பொட்டலத்துடன் வையுங்கள். தோல் பெட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் வைக்காதீர்கள். வேட்டித் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

மேலும் இரண்டு எச்சரிக்கை. லென்சு வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும். காமிராவையும் சூரியனுக்கு நேரே நீட்டி வைக்கக் கூடாது. லென்சின் பின்பகுதி காமிராவின் உள்ளே எதிலும் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். பழைய லென்சைக் காமிரா அடையாளம் காணாது. ‘லென்சு இல்லாமலே படம் எடு’ என்ற வசதியை முதலில் திறந்துவிட வேண்டும்.

பரணைப் பாருங்கள்

பழைய தியேட்டர்க்காரர் வீடுகளிலும், ஆபரேட்டராக இருந்தவர் வீடுகளிலும், கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோக்களிலும் இப்படி ஒரு லென்சு பரணில் கிடக்கலாம். பழைய இரும்புக் கடையில் அதன் பித்தளைக்கு மட்டுமே விலை. கண்ணாடிக்குக் காசு இல்லை. உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

ஒரு தலைமுறை முழுவதும் மணலில் உட்கார்ந்து பார்த்த படங்கள், அந்தக் கண்ணாடி வழியாகத்தான் திரைக்கு வந்தன. எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள்.

தென்னை மரம் தலைகீழாகத் தெரிந்தால், அந்தக் கண்ணுக்கு இன்னும் பார்வை இருக்கிறது!