கொரியச் சாப்பாடும் நம் கடைச் சரக்கும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், கடையை நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்துவிட்டு, பொதிகை எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்வருவது நம் பகுதி வியாபாரிகள் பலருக்கு வழக்கம். முன்பெல்லாம் பிள்ளைகள் கடற்கரையும் வண்டலூர் மிருகக்காட்சி சாலையும் கேட்டார்கள். இப்போது கொரியன் ஓட்டல் கேட்கிறார்கள். செல்போனில் கொரியத் தொடர்கள் பார்ப்பதன் பலன் இது. ஊர் திரும்பினால் அதே பிள்ளைகள் கான்சாபுரமானாலும் வத்திராயிருப்பானாலும் மளிகைக் கடையில் கொரியன் நூடுல்ஸ் உண்டா என்று கேட்பார்கள். ஆகவே இந்தச் சாப்பாட்டில் என்னென்ன சேருகிறது என்று நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சென்னைக்கு வந்த விதம்

ஹூண்டாய் கார் கம்பெனி 1996இல் இந்தியாவில் கால் வைத்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி, 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து உதிரிபாகக் கம்பெனிகளும் வந்தன. கொரிய நாட்டுப் பொறியாளர்கள் குடும்பத்தோடு குடியேறினார்கள். அவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டியிருந்தது. அதற்காகத் திறந்த சிறு ஓட்டல்களில்தான் இன்று நம்மவர்களும் போய் உட்காருகிறோம்.

கொரிய வியாபாரம் நமக்குப் புதிதும் அல்ல. காபி பைட், லாக்டோ கிங் மிட்டாய்களை நாம் காலங்காலமாக ஜாடியில் போட்டு விற்றவர்கள். அவற்றைத் தயாரித்த பாரிஸ் மிட்டாய்க் கம்பெனியை 2004இல் கொரியாவின் லோட்டே நிறுவனம் வாங்கிவிட்டது.

பந்தியில் என்ன வரும்?

ஆடம்பரமில்லாத சாதாரணக் கொரியன் ஓட்டலில் உட்கார்ந்தால், சோறு வருமுன் சிறு கிண்ணங்களில் தொடுகறிகள் வந்துவிடும். இவற்றுக்கு 'பான்சான்' என்று பெயர். தனிக் காசு கிடையாது. தீர்ந்தால் மறுபடி வைப்பதும் அவர்கள் மரபு. நம் சாப்பாட்டு இலையில் கூட்டு, பொரியல் வைப்பது போலத்தான். சோற்றைக் கரண்டியாலும் தொடுகறியை உலோகக் குச்சியாலும் எடுப்பார்கள். கொரியாவில் பரிமாறும் அம்மாளை 'இமோ' என்று கூப்பிடுவது உண்டு. தாயுடன் பிறந்தவள் என்று பொருள். நாம் 'அக்கா' என்று கூப்பிடுவதைப் போல.

தொடுகறிகளில் முதன்மையானது கிம்ச்சி. சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி சேர்த்துப் புளிக்க விடுவார்கள். ஊறுகாய் போலத் தோன்றினாலும் எண்ணெய் கிடையாது. இட்லி மாவு புளிப்பது போலத் தானே புளிப்பேறும். குடும்பம் குடும்பமாகக் கூடிக் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தனைக்கும் மிளகாய் அவர்கள் நாட்டுப் பயிர் அல்ல. நம்மைப் போலவே அவர்களும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்ட மிளகாயைப் பிற்பாடுதான் பெற்றார்கள்.

'பிபிம்பாப்' என்பது சோற்றின்மேல் காய்கறிகளும் முட்டையும் வைத்து, 'கோச்சுஜாங்' என்ற மிளகாய் விழுதுடன் பிசைந்து சாப்பிடுவது. மிளகாய்த்தூள், பசையரிசி, புளிக்க வைத்த சோயா சேர்ந்த இந்த விழுதில் காரத்தோடு இனிப்பும் இருக்கும். அரிசி மாவுக் கட்டைகளை அதே விழுதில் வேகவைத்தால் 'தொக்போக்கி'. காரக் கொழுக்கட்டை என்று சொன்னால் நம் வீட்டில் புரியும். உடம்புக்கு முடியாதவர்களுக்கு 'ஜுக்'. அது அரிசிக் கஞ்சிதான்.

கேட்டுச் சாப்பிடுங்கள்

சைவம் சாப்பிடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிவதெல்லாம் சைவம் அல்ல. கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேரும். குழம்புகளுக்கு நெத்திலிக் கருவாடு கொதிக்க வைத்த நீர் ஊற்றுவார்கள். 'புல்கோகி' பொதுவாக மாட்டிறைச்சி. "மீன் சாறு, மாட்டிறைச்சி, முட்டை இருக்கிறதா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கல்லாவில் வரும் கேள்வி

ஓட்டலில் நாம் கேட்கும் அதே கேள்வியை நம் கடையில் வாடிக்கையாளர் கேட்பார். விரதம் இருக்கும் வீட்டுக்குத் தெரியாமல் மாட்டிறைச்சிப் பொடி கலந்த நூடுல்ஸ் போய்விட்டால், ஒரு பாக்கெட் லாபத்துக்காகத் தலைமுறை வாடிக்கையை இழப்போம். இதைக் கொரியக் கம்பெனியே புரிந்துகொண்டிருக்கிறது. சோக்கோபை கேக்கின் நடுவே உள்ள மெத்தென்ற பகுதிக்கு வழக்கமாக ஜெலட்டின் சேரும். லோட்டே இந்தியாவில் அதைத் தாவரப் பொருளால் செய்து, பச்சைக் குறியோடு விற்கிறது.

கொள்முதல் செய்யுமுன் கவனிக்க வேண்டியவை:

1. சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். குறியே இல்லாத பாக்கெட்டை வாங்க வேண்டாம்.

2. வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவு உரிம எண், அதிகபட்ச சில்லறை விலை இருக்க வேண்டும். கொரிய எழுத்து மட்டும் உள்ள சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் ஆபத்து.

3. காலாவதித் தேதி. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தேதி கடந்த சரக்குக்கும், தயாரித்தவர் அல்லது விநியோகித்தவர் யாரென்று தெரியாத சரக்குக்கும் விற்றவரையே பொறுப்பாக்குகிறது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

4. காரம். 2024 ஜூனில் டென்மார்க் அரசு, சம்யாங் கம்பெனியின் மிகக் காரமான நூடுல்ஸ் மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது; ஜூலையில் அவற்றில் இரண்டை மீண்டும் அனுமதித்தது. சிறு பிள்ளைகள் தனியாக வந்து கேட்டால் பெரியவர்களை அழைத்துவரச் சொல்வதே முறை.

5. கிம்ச்சி குளிர்பெட்டிச் சரக்கு. வெளியே வைத்தால் மேலும் புளித்து, காற்றேறிப் பாக்கெட் உப்பும். மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் இதை எடுக்காமல் விடுவதே லாபம்.

கொரிய நல்லெண்ணெய் கேட்டு வருவோரும் உண்டு. அது வறுத்த எள்ளில் ஆட்டியது. மணம் தூக்கலாக இருக்கும், சில சொட்டுதான் விடுவார்கள். நம் செக்கு நல்லெண்ணெயை அதற்கு ஈடென்று சொல்லிக் கொடுக்க வேண்டாம்; வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

புதுச் சரக்கை முதலில் அரைப் பெட்டி எடுத்துப் பாருங்கள். நம் நாட்டுக் கம்பெனிகளே கொரியன் ருசி என்று போட்டு, பச்சைக் குறியோடு தரும் நூடுல்ஸில் தொடங்குவது பத்திரம். அது ஓடினால் மற்றதை யோசிக்கலாம்.