மணத்தக்காளி: கீரைக்கும் மருந்துக்கும் இடையே நீண்ட தூரம்

வாளையாறு, குமுளி, போடிமெட்டு ஆகிய எல்லைச் சோதனைச் சாவடிகள் எதையும் பொருட்படுத்தாத செடி ஒன்று உண்டு. தமிழகத்தில் மணத்தக்காளி, கேரளத்தில் மணித்தக்காளி. பாலக்காட்டுச் சமையலறைகளில் அது வற்றல் குழம்பு. இடுக்கி மலையோரத் தமிழ்க் குடும்பங்களில் வாய்ப்புண்ணுக்குக் கைமருந்து.

இந்தச் செடியின் இலையிலிருந்து 'உட்ரோசைட்-பி' என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது, திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் இம்மையத்தில், டாக்டர் ரூபி ஜான் ஆன்டோ தலைமையிலான குழுவின் ஆய்வு 2016-ல் வெளியானது. கல்லீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் சோராஃபெனிப் மருந்தைவிட, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே இப்பொருள் புற்றுநோய் செல்களை அழித்தது. எலிகளின் உடலில் கட்டிகள் சுருங்கின.

2021-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு 'அனாதை மருந்து' தகுதி அளித்தது. குழப்பம் தொடங்குவது இங்கேதான். இது மருந்துக்கான விற்பனை அனுமதி அல்ல. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் குறைவானோரைப் பாதிக்கும் நோய்களுக்கு மருந்து தேட நிறுவனங்கள் முன்வர வேண்டும் என்பதற்காகத் தரப்படும் ஊக்கச் சலுகை. வரிச் சலுகை கிடைக்கும்; பின்னாளில் அனுமதி பெற்றால் ஏழாண்டு தனி விற்பனை உரிமையும் கிடைக்கும். மனிதர்களிடம் சோதித்துப் பயனையும் பாதுகாப்பையும் நிரூபிக்கும் கடமை அப்படியே இருக்கிறது.

இலையில் இப்பொருள் இருப்பதோ மிகச் சொற்பம். கூடுதலாகப் பிரித்தெடுப்பதற்கென்றே ஆய்வாளர்கள் தனி முறை வகுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு கட்டுக் கீரையைக் கடைந்து உண்பதும், சுத்திகரித்த மருந்தை அளந்து செலுத்துவதும் ஒன்றாகா. கீரை நல்ல உணவு, தாராளமாக உண்ணலாம். அதை நம்பி, மருத்துவர் தரும் சிகிச்சையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இதன் குடும்பத்தையும் மறந்துவிடக் கூடாது. கத்தரியும் உருளையும் இதன் உறவுகள், ஊமத்தையும் அப்படியே. மூணாறு பகுதியில் நீண்ட குழல் போன்ற பூக்கள் தலைகீழாகத் தொங்கும் அழகுச் செடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்த நச்சுச் செடிதான். மணத்தக்காளியின் பச்சைக் காயில் சோலனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கருத்துப் பழுத்த பழத்தில் அது மிகவும் குறைந்துவிடும். பச்சைக் காயை மிகுதியாக உண்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி வரும். கொதிக்க வைத்தாலும் சோலனின் முற்றிலும் அழிவதில்லை. வேலியோரம் காயைப் பறித்து வாயில் போடும் குழந்தைகளிடம் பெற்றோர் கவனமாக இருப்பது நல்லது.