முகப்பை நம்பாதீர்கள்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக், சஃபோக், எசெக்ஸ் வட்டாரங்களில் முந்நூறு ஆண்டு வயதான செங்கல் பண்ணை வீடுகளில் இன்றும் குடித்தனம் நடக்கிறது. அங்கே நல்ல கட்டடக் கல் கிடைப்பது அரிது, களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே மண்ணை வெட்டி, சூளை போட்டுச் சுட்டார்கள். மண்ணில் இரும்பு இருந்தால் செங்கல் சிவக்கும்; சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் வெளிர் மஞ்சளாகிவிடும்.

வீட்டின் வயதை முகப்பை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். பழைய மரச்சட்ட வீட்டுக்கு முன்னால் புதுச் செங்கல் சுவரை எழுப்பி, காலத்துக்கு ஏற்ற வீடாகக் காட்டிக்கொண்ட விவசாயிகள் பலர். கொல்லைப்புறம் போனால் பழைய மரச்சட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

செங்கல் அடுக்கையும் பார்க்க வேண்டும். ஒரு வரி முழுக்க நெடுக்குவாட்டிலும் அடுத்த வரி முழுக்கக் குறுக்குவாட்டிலும் வைத்தால் அது இங்கிலீஷ் கட்டு. ஒரே வரியில் ஒன்று நெடுக்கு, ஒன்று குறுக்கு என மாறி மாறி வந்தால் ஃபிளெமிஷ் கட்டு. 18ஆம் நூற்றாண்டில் இதுதான் மோஸ்தர். சூளையில் தீக்கு மிக அருகே இருந்த கற்களின் முனை கருநீலமாகப் பளபளக்கும். கழித்துப்போட வேண்டிய அந்தக் கற்களைக் குறுக்குவாட்டில் வைத்தே கொத்தனார்கள் சுவரில் கட்டம் போட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

அமெரிக்க விடுதலைப் போரில் ஏறிய கடனை அடைக்க, 1784இல் அரசு செங்கல்லுக்கு வரி போட்டது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையை வைத்தே கணக்கு. சூளைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கல்லையே பெரிதாக அறுத்தார்கள். 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி வந்தது. 1850இல்தான் இந்த வரி ஒழிந்தது.

இந்தச் சுவர்களைக் கட்டியது சுண்ணாம்புச் சாந்தில். மழையில் சுவர் குடிக்கும் ஈரம் அந்தச் சாந்து வழியே மெல்ல வெளியேறும். பழுதுபார்க்கிறோம் என்று இடுக்குகளில் சிமென்ட்டை அப்பினால் ஈரத்துக்கு அந்த வழி அடைபடும். அது செங்கல்லிலேயே தங்கிவிடும். குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசிவிடலாம். முகம் உதிர்ந்த கல்லைப் பெயர்த்து மாற்றுவது பெருஞ்செலவு.