வைஃபையைக் காணோமா? கடைக்கு ஓடாதீர்கள்!

இரவு விண்டோசில் ஒழுங்காக வேலை செய்த வைஃபை, காலையில் லினக்சைத் திறந்தால் காணவில்லை. அப்படி ஒரு சாதனமே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். உடனே லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. "கார்டு போச்சு" என்று கடையில் சொன்னால் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். சில நாளில் புதுக் கார்டும் காணாமல் போகிறது!

ஆம். பல சமயங்களில் பழைய கார்டில் கோளாறே இருந்திருக்காது.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றது. பழைய லேப்டாப்புகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. புதிது வாங்க வசதியில்லாதவர்கள், உள்ளதை விடாமல் பக்கத்திலேயே லினக்சையும் ஏற்றிக்கொள்கிறார்கள். இது புதிய ஏற்பாடு அல்ல. தமிழக அரசு 2011-ல் வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளிலேயே விண்டோசும் 'பாஸ்' லினக்சும் சேர்ந்து வந்தன.

சாவியோடு போன குமாஸ்தா

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதுமாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காகத் தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. சார்ஜ் ஒப்படைக்காமல், பீரோ சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லீவில் போன குமாஸ்தாவைப் போல! அடுத்து வரும் லினக்சால் சில வைஃபை, புளூடூத், லான் சாதனங்களை எழுப்ப முடிவதில்லை. விண்டோஸ் பகுதியில் உள்ள ஃபைல்களைப் படிக்க முடியும், திருத்த முடியாது என்ற தொல்லையும் பெரும்பாலும் இதனால்தான்.

சோதிப்பது எளிது. விண்டோசுக்குப் போய் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுத்து, அப்படியே லினக்சுக்கு வரவேண்டும். ரீஸ்டார்ட் முழுமையானது. வைஃபை திரும்பி வந்தால் குற்றவாளி அகப்பட்டான். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' சென்று, பவர் பொத்தான்களுக்கான பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். விண்டோஸ் திறக்கச் சில வினாடிகள் கூடும், அவ்வளவுதான் நஷ்டம்.

இரண்டு சிஸ்டம் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. ஒன்றில் வேலை செய்து மற்றொன்றில் செய்யாவிட்டால், சாதனம் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸ் டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற 5 சிறிய எழுத்துகளை இடைவெளியின்றி அடித்தால் உள்ளே இருக்கும் கார்டுகளின் பட்டியல் வரும். வைஃபை கார்டு பட்டியலில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், டிரைவர் இல்லை அல்லது 'ஏர்பிளேன் மோட்' பொத்தான் அமுங்கியிருக்கிறது. டிரைவரை ஏற்றியும் பயனில்லையா? 'செக்யூர் பூட்' அதைத் தடுத்திருக்கலாம். அதில் கை வைக்குமுன் விண்டோசின் 'பிட்லாக்கர்' மீட்புச் சாவியைக் குறித்து வைப்பது அவசியம். இல்லாவிட்டால் வைஃபை கிடைத்து ஃபைல்கள் போகும்.

5½ மணி நேரம் எங்கே?

லினக்சிலிருந்து விண்டோசுக்கு வந்தால் காலை 10 மணிக்குக் கடிகாரம் 4.30 காட்டுகிறதா? பேட்டரி செல்லை மாற்றச் சொல்வார்கள், மாற்ற வேண்டாம். பல லினக்ஸ் வகைகள் உள்கடிகாரத்தில் சர்வதேச நேரத்தை வைக்கின்றன. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. வித்தியாசம் சரியாக 5½ மணி என்றால் செல் மீது பழி இல்லை.

இரண்டு சிஸ்டத்திலும் வைஃபை தெரியவில்லை, லேப்டாப்பை அணைத்துச் சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்த பிறகும் பட்டியலில் வரவில்லை என்றால், அப்போது கடைக்குப் போகலாம். கார்டு இடத்தில் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். சில பழைய மாடல்கள் கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது. ஆகவே மாடல் எண்ணைக் காட்டிய பிறகே பணம் தரவேண்டும். கழற்றிய பழைய கார்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.