பதின்மூன்று அடி வீடு

காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் சின்ன டிரெய்லரில் தங்குகிறவர்கள் அதைச் சும்மா வைத்திருப்பதில்லை. எதையாவது கழற்றுவார்கள், எதையாவது மாட்டுவார்கள். அந்த வேலைகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எது தீர்ந்தால் ஊர் திரும்ப வேண்டும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் நூறு ஆண்டுகளில் இதற்கான பதில் பலமுறை மாறிவிட்டது. பெட்டியின் அளவு மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

அன்றையதையும் இன்றையதையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் 13 அடி 'முட்டை' டிரெய்லர்தான் வசதி. 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 'போலர்' என்ற டிரெய்லரைச் செய்தார். ஃபைபர் கிளாஸில் செப்டிக் டேங்க் செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. அதே பொருளில் மேல்பாதியை ஒரு வார்ப்பாகவும் கீழ்ப்பாதியை இன்னொரு வார்ப்பாகவும் எடுத்து, இரண்டையும் இடுப்பில் ஒட்டினார். கூரையில் மூட்டே இல்லை. மூட்டு இல்லாத இடத்தில் ஒழுக வழியும் குறைவு. எடை அரை டன்னுக்கும் குறைவு என்பதால் சின்னக் காரே இழுத்தது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பேக்கஸ் என்ற சிற்றூரில், அதன் தம்பியாக 'ஸ்கேம்ப்' தயாராகிறது. இன்றும் 13 அடியில், ஏறக்குறைய அதே வடிவில் கிடைக்கிறது. அரை நூற்றாண்டாக ஓடு மாறாமல் உள்ளே மட்டும் மாறிக்கொண்டிருக்கும் வண்டி வேறு அதிகம் இல்லை.

அந்த முதல் முட்டைக்குள் என்ன இருந்தது? பின்பக்கம் ஒரு மேசை, இருபுறமும் இருக்கை. இரவில் மேசைப் பலகையை இறக்கி நடுவில் வைத்தால் இருவர் படுக்கலாம். முன்பக்க இருக்கையின் சாய்வுப் பலகையைத் தூக்கி மாட்டினால் பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. நடுவில் இரட்டை அடுப்பு, கைபம்பு வைத்த சிறு தொட்டி, ஐஸ் பெட்டி. கழிவறை கிடையாது. நான்கு பேருக்கு இது போதும் என்று அன்று நினைத்தார்கள். இன்று அதே பெட்டியில் இருவர் தங்குவதே நெருக்கடி என்கிறார்கள். மனிதர்கள் பெருத்துவிடவில்லை. அன்று அந்தக் குடும்பம் உள்ளே உறங்க மட்டும் வந்தது. பகல் முழுக்க வெளியில்தான் கழிந்தது.

இன்னும் பின்னால் போனால் இது தெளிவாகத் தெரியும். 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில் கூடாரம் அடித்தவர்கள் தங்களுக்கு 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தகர டப்பா உணவும் பழைய ஃபோர்டு காரும் அவர்கள் அடையாளம். டிரெய்லர் கடையில் எளிதில் கிடைக்கும் பொருளாக அப்போது இல்லை. பலர் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பிறகு 'ஏர்ஸ்ட்ரீம்' நிறுவனத்தைத் தொடங்கிய வாலி பயமும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஃபோர்டு மாடல் டி அடிச்சட்டத்தின் மேல் ஒரு கூடாரம், மழைக்குத் தாங்காததால் அதற்குப் பதில் மரப்பெட்டி, அதற்குள் ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு. கட்டும் முறையை அச்சடித்து விற்றார்; பலர் வாங்கித் தாங்களும் கட்டினார்கள். 1936-இல் அவர் வெளியிட்ட அலுமினிய 'கிளிப்பர்' 1,200 டாலர். அதே நிறுவனத்தின் ஆகச் சிறிய 16 அடி வண்டி இன்று ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டும்.

அந்த முப்பதுகளில், பொருளாதாரப் பெருமந்தத்துக்கு நடுவில், இன்னும் இருபது ஆண்டுகளில் பாதி அமெரிக்கா டிரெய்லரில் குடியிருக்கும் என்று ரோஜர் பாப்சன் ஆருடம் சொன்னார். பங்குச் சந்தை விழும் என்று 1929-இல் சொல்லிப் பெயர் வாங்கியவர் அவர். இது பலிக்கவில்லை.

அன்றைய பதிலுக்கு வருவோம். ஐஸ் தீர்ந்தால் ஊர் திரும்ப வேண்டும். பெட்டியில் வைத்த கட்டி இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். பாலும் இறைச்சியும் அதற்குமேல் நிற்காது. ஆகவே ஐஸ் விற்கும் கடைக்கு அருகிலேயே முகாம். அந்தக் கட்டை அவிழ்த்தது கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். பால்ட்ஸர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு சுவீடன் மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்தது அது. ஒரு சிறு தீச்சுடர் அமோனியாவைச் சூடாக்குகிறது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, திரவமாகி, தன் எடையால் கீழே வழிந்து சுற்றி வருகிறது. மோட்டார் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் வழிய வேண்டும் என்பதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்வில் நிறுத்தினால் திரவம் ஒரு மூலையில் தேங்கும். ஃபிரிட்ஜ் கெட்டே போகலாம்.

டிரெய்லர்காரர்கள் கொத்தனாரைப் போல ரசமட்டமும் கையுமாகத் திரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இறங்கியதும் செய்ய வேண்டியதில் ஒரு வரிசை உண்டு. முதலில் இடவலம் மட்டம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றுவது. அடுத்து இரண்டு சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை. அதற்குப் பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது. கடைசியாக மூக்குப் பக்கத்து ஜாக்கியைச் சுற்றி முன்பின் மட்டம். முட்டு வைக்காமல் கொக்கியைக் கழற்றினால் வீடு தானாகச் சரிவில் இறங்கிப் போகும். இந்த வரிசை அன்றும் இதுதான், இன்றும் இதுதான். இன்று பலர் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு மாறிவிட்டார்கள். அதற்குச் சற்றுச் சாய்வு பொருட்டில்லை. ஆனாலும் தலை தாழ்ந்து படுத்தால் தூக்கம் வராதே! ரசமட்டம் வேலை இழக்கவில்லை.

ஃபிரிட்ஜ் மின்சாரத்துக்கு மாறியதும் கேள்வியின் பதிலும் மாறியது: பேட்டரி தீர்ந்தால் ஊர் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய மாற்ற வேலைகளில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான் நடக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். ஐந்து பல்பு நான்கு மணி நேரம் எரிந்தால் 30 ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 50தான். விளக்கு ஒன்றே ஒரு மாலையில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அதே ஐந்தும் எல்.இ.டி. ஆனால் மூன்று நான்கு ஆம்பியர்-மணியோடு முடிந்துவிடும். பல்பை மாற்றுவது பத்து நிமிட வேலை. பழைய டிரெய்லர் வாங்கினால் முதலில் இதைச் செய்யுங்கள். பிறகு பேட்டரியை யோசிக்கலாம். பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

அடுத்தது லித்தியம். நூறு ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஈய பேட்டரி 30 கிலோவை ஒட்டி இருந்தால் இது 12, 13 கிலோ. வாங்கி மாட்டினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் சின்ன வண்டியில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். பழைய சார்ஜர் ஈய பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜில் நின்றுவிடுவதால் லித்தியத்தை முழுதாக நிரப்பாது; அதையும் மாற்ற வேண்டும். காரிலிருந்து வரும் கம்பியை நேராகக் கொடுத்தால் காரின் ஆல்டர்னேட்டர் மூச்சுவாங்கும். நடுவில் இன்னொரு கருவி வேண்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. ஈய பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால் வெளியே, டிரெய்லரின் மூக்கில் இருந்தது. லித்தியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, குளிர்தான் தொல்லை. ஆகவே அதை உள்ளே, இருக்கைக்கு அடியில் வைக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது பழைய விதி. 700 கிலோ வண்டி என்றால் 70 முதல் 105 கிலோ. மூக்கிலிருந்து 30 கிலோவை எடுத்துப் பின்பக்க இருக்கைக்கு அடியில் 13 கிலோவை வைத்தால், கொக்கியின் பாரம் சட்டென்று இறங்கும். பாரம் குறைந்த டிரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டும். பேட்டரி மாற்றியவர் எடை பார்க்காமல் சாலையில் இறங்கக் கூடாது. கொக்கிக்கடியில் வைத்துப் பார்க்கும் சிறு எடைக்கருவியே போதும்.

எடையைப் பற்றிய எச்சரிக்கை புதிதல்ல. 1954-இல் லூசில் பால் நடித்த 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தின் நகைச்சுவையே அதுதான்: கணவனுக்குத் தெரியாமல் அவள் கற்களைச் சேர்த்துச் சேர்த்து டிரெய்லருக்குள் ஒளித்து வைத்து மலைப்பாதை ஏறுவாள். இன்று அந்தக் கற்களின் இடத்தில் அலங்காரப் பொருட்கள். சுவருக்கு மரப்பட்டை, அடுப்படிக்கு ஓடு, தரைக்குப் புதுப் பலகை என்று ஒட்டிப் படமெடுக்கிறார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் குலுங்கும் வண்டியில் ஓடு பெயரும், ஒவ்வொரு பலகையும் கொண்டுபோகக்கூடிய சுமையில் ஒரு பங்கைத் தின்னும். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அழகைவிட உதவும் மாற்றங்கள் பெரும்பாலும் அற்பமாகத் தெரிபவை. தினமும் மேசையைப் படுக்கையாக்கி, படுக்கையை மேசையாக்கிச் சலித்த தம்பதியர் பின்பக்கத்தை நிரந்தரப் படுக்கையாக்கிவிட்டு முன் இருக்கையில் சாப்பிடுகிறார்கள். கதவு திறந்தால் எல்லாம் கொட்டும் அலமாரியில் இழுப்பறை பொருத்துகிறார்கள். ஃபைபர் கிளாஸ் ஓட்டில் திருகாணி பிடிக்காது. துளையிட்டால் மழைக்கு வழி. ஆகவே சிறு பிளைவுட் துண்டைப் பசை வைத்து உள்சுவரில் ஒட்டி, திருகாணியை அதில் இறக்குகிறார்கள். கூரையில் காற்றுக்கான 14 அங்குலச் சதுரத் துளை மட்டும் தலைமுறை தாண்டியும் அதே அளவு: அன்று கையால் சுற்றித் திறக்கும் மூடி, இன்று அதே துளையில் அப்படியே உட்காரும் மின்விசிறி. இரண்டு பேர் மூச்சுக்காற்றில் விடியற்காலை ஜன்னலெல்லாம் நீர் வடியும் பெட்டிக்கு, என்னைக் கேட்டால், இந்த விசிறியைவிட நல்ல செலவு இல்லை. அரை நூற்றாண்டுப் பழைய முட்டையை வாங்குகிறவர் மட்டும் இதற்கும் முன்பாக அடியில் படுத்து அச்சைப் பார்க்க வேண்டும். அதற்குள் இருக்கும் ரப்பர் இறுகிப் போயிருந்தால் அச்சையே மாற்றத்தான் வேண்டும்.

கோவிட் காலத்தில் இந்தப் பித்து எல்லை கடந்தது. 2021-இல் மட்டும் 6 லட்சம் பொழுதுபோக்கு வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. அலுவலகம் வீட்டுக்கு வந்ததும் சிலர் வீட்டையே ஓட்டிக்கொண்டு போனார்கள். செயற்கைக்கோள் இணையத் தட்டு வந்தது. நாள் முழுக்க ஓடினால் அது ஃபிரிட்ஜைவிட அதிக மின்சாரம் தின்னும். அதற்காகக் கூரையில் சோலார் தகடு. அதனால் மர நிழலில் நிறுத்த முடியாமல் போனது. பகலெல்லாம் வெளியில் இருந்த குடும்பத்தின் பெட்டியில், இன்று ஒருவர் பகலெல்லாம் உள்ளே உட்கார்ந்து கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். நான் அதற்காக அழ மாட்டேன். மனிதர் மாலையிலாவது வெளியே வருகிறாரே.

மின்சாரத்துக்குப் பஞ்சமில்லாமல் போனதும் பதில் தண்ணீருக்கு நகர்ந்தது. 13 அடி வண்டியின் தொட்டி சுமார் 45 லிட்டர். அன்று பாத்திரம் கழுவிய தண்ணீர் குழாய் வழியே வாளியிலோ மண்ணிலோ விழுந்தது, கேட்பாரில்லை. இன்று பல இடங்களில் அதைத் தொட்டியில் பிடித்து, கொட்டுவதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். பலர் சக்கரம் வைத்த தொட்டியையும், கையில் தூக்கிப் போகும் பெட்டிக் கழிவறையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஷவரில் நிற்கப் பழகியவர்கள் இந்த 45 லிட்டரில் திணறுகிறார்கள். அரை வாளித் தண்ணீரில் குளித்து முடிக்கத் தெரிந்த நம் ஊர்க்காரருக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல.

தண்ணீரையும் கேனில் கொண்டுவந்து நிரப்பிச் சமாளிப்பவர்கள் மேற்கு மாநிலங்களின் பாலைநிலங்களுக்குப் போகிறார்கள். பெரும்பரப்பு அங்கே அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். பல இடங்களில் காசு கொடுக்காமலேயே தங்கலாம். ஐஸ், பேட்டரி, தண்ணீர் எதுவும் தீராமல் இருந்தாலும் ஒன்று தீர்ந்துவிடும். அந்த நிலத்தில் பெரும்பாலான இடங்களில் 28 நாளுக்குள் 14 நாள் மட்டுமே ஒருவர் தங்க முடியும். பதினைந்தாம் நாள் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டுக் கொக்கியை மாட்ட வேண்டியதுதான்.