கருவியின் பெயரறிந்து டிரைவர் தேடுவோம்

ஸ்கேனரை மேசைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையிற் செருகியும் அது இயங்காதிருத்தல் உண்டு. உடனே கருவி பழுதென முடிவு கட்டுதல் தகாது. விண்டோசின் டிவைஸ் மனேஜரில் அதன் பெயரருகே மஞ்சட் குறியும், விவரத்துள் 28 என்னும் இலக்கமும் காணப்படின், குறையாயிருப்பது டிரைவரே. கணினிக்கும் கருவிக்குமிடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்கும் மென்பொருள் அது.

விசைப்பலகை, சுட்டி முதலியவற்றுக்குரிய பொது டிரைவர்கள் விண்டோசிலேயே உள்ளன. ஏனையவற்றுக்கு எங்கே தேடுவது? கருவியே விடை கூறும். புரொப்பட்டீஸ் பகுதியில் டீட்டெய்ல்ஸ் என்பதைத் திறந்து, ஹார்ட்வெயர் ஐடீஸ் என்பதைத் தெரிவோமாயின், எண்ணும் எழுத்தும் கலந்த இரு குறியீடுகள் தோன்றும். வி.ஐ.டி. என்பது செய்த நிறுவனத்தையும், பி.ஐ.டி. என்பது கருவியின் வகையையும் உணர்த்தும். முன்னது 04பி8 எனின், எப்சன் நிறுவனத்தின் கருவி எனக் கொள்க.

முதலில் விண்டோஸ் அப்டேற் மூலம் தேடுக. கிடையாவிடின், செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தையே நாடுக. 32 பிற், 64 பிற் என்னும் பேதமும் நோக்கற்பாலது. 'இலவசம்' என அழைக்கும் அறியாத் தளங்களை அணுகாதிருத்தல் நன்று. டிரைவரை நிறுவும்போது கணினியின் முழு அதிகாரத்தையும் அந்நிரலிடம் ஒப்படைக்கிறோம். பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் குடும்பப் படங்களும் அக்கணினியிலன்றோ உள்ளன! வீட்டுத் திறவுகோலை வழிப்போக்கனிடம் கொடுப்பார் உண்டோ?